முதல் நிமிடத்துக்கான ஏற்பாடு

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் கல்லூரி மனநல ஆலோசகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1896 செப்டம்பரில் பம்பாயில் ஒரு பொதுக்கூட்டம். தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் படும் பாட்டைச் சொல்ல 26 வயது பாரிஸ்டர் ஒருவர் வந்திருக்கிறார். பேச்சை எழுதித்தான் கொண்டுவர வேண்டும் என்று பம்பாய்த் தலைவர் ஃபெரோஸ்ஷா மேத்தா முன்கூட்டியே சொல்லிவிட்டதால், அது இரவோடு இரவாக அச்சாகியும் வந்துவிட்டது. மண்டபம் நிரம்பி வழிகிறது. இளைஞர் எழுந்து படிக்கத் தொடங்குகிறார். உடம்பு நடுங்குகிறது. இன்னும் உரக்கப் படிக்கும்படி மேத்தா ஊக்கப்படுத்த ஊக்கப்படுத்த, குரல் இன்னும் தாழ்ந்துபோகிறது. தேஷ்பாண்டே என்ற நண்பர் தாளை வாங்கிக்கொள்கிறார். கூட்டமோ இன்னொரு தலைவரான தின்ஷா வாச்சாதான் படிக்க வேண்டும் என்று கேட்கிறது. கடைசியில் வாச்சா எழுந்து படித்து முடிக்கிறார்.

அந்த இளைஞர் மோகன்தாஸ் காந்தி. அவருக்கு இது முதல் முறையும் இல்லை. லண்டனில் சட்டம் படித்த காலத்தில் வென்ட்னர் என்ற கடலோர ஊரில் நடந்த சைவ உணவாளர் கூட்டத்துக்கு, ஒரு முழுத்தாளைத் தாண்டாத பேச்சை எழுதிக்கொண்டு போனார். எழுந்ததும் கண் மங்கியது. கூட வந்த நண்பர் மஜ்முதார்தான் அதை வாங்கிப் படித்தார். 1891-இல் ஊர் திரும்புமுன் ஹோல்பர்ன் உணவகத்தில் நண்பர்களுக்கு அவரே விருந்து கொடுத்தார். அங்கே பேச ஒரு சில வாக்கியங்களை யோசித்து வைத்திருந்தார். முதல் வாக்கியத்தோடு நின்றுபோனது. இந்தியா வந்து பம்பாயில் எடுத்துக்கொண்ட முதல் வழக்கில், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது. கேட்க ஒரு கேள்வியும் வரவில்லை. வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியேறினார். இதையெல்லாம் 'சத்திய சோதனை'யில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

காந்திக்கு இன்ன நோய் என்று இன்றைக்கு உட்கார்ந்து முத்திரை குத்துவது என் வேலை இல்லை. அவர் வாழ்க்கையின் இந்தப் பகுதியில் நமக்குப் பயன்படும் விஷயம் ஒன்று இருக்கிறது. இவ்வளவு தோல்விக்கு நடுவில் ஒரு பேச்சு நன்றாக அமைந்தது. 1893-இல் பிரிட்டோரியாவில், பெரும்பாலும் மேமன் வணிகர்கள் கூடிய கூட்டத்தில், வியாபாரத்தில் உண்மையாக இருப்பது பற்றிப் பேசினார். பொது இடத்தில் தான் ஆற்றிய முதல் பேச்சு என்று அவரே சொல்வது இதைத்தான். பொருளை நன்றாகத் தயார்செய்துகொண்டு போனதாகவும் எழுதுகிறார். அவர் பேச்சோடு நிற்கவும் இல்லை. சங்கம் ஒன்று அமைக்க வேண்டும் என்றார், ஆங்கிலம் கற்க விரும்புவோருக்குத் தானே சொல்லித்தருவதாகச் சொன்னார். எதிரே இருப்பவர்களுக்குக் கொடுக்க ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருந்தார் என்பது என் கணிப்பு.

இன்னொன்று. பம்பாயில் குரல் அடைத்துப்போன அதே மனிதர், ஒரு மாதம் கழித்து அக்டோபர் 26 அன்று சென்னையில் பச்சையப்பன் மண்டபத்தில் பேசினார். அச்சடித்த பேச்சு, அவர் கணக்கில் நீளமான பேச்சு. கூட்டம் ஒவ்வொரு சொல்லையும் கவனமாகக் கேட்டது. டர்பனில் முதலாளியிடம் அடிபட்டு, பல் உடைந்து, அவரிடம் ஓடிவந்த தமிழ்த் தொழிலாளி பாலசுந்தரத்தின் செய்தி இங்கே ஏற்கெனவே பரவியிருந்தது. மண்டபம் அவருக்காகக் காத்திருந்தது. பம்பாயில் பட்ட அவமானத்தோடு அவர் அடுத்த ரயிலில் ராஜ்கோட் போய் முடங்கியிருந்தால் சென்னை நடந்திருக்காது.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான். முன்தயாரிப்பு பயத்தைப் போக்காது. அது நம்மை வாசல் வரை கொண்டுவந்து விடும். பயம் குறைவது உள்ளே போய்த் திரும்பி வருவதால்தான். ஆகவே உள்ளே போக வைக்கிற தயாரிப்பு எது, போகாமல் தடுக்கிற தயாரிப்பு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

பிறர் பார்வை தன் மேல் விழும்போது வரும் இந்த அச்சத்தைத் தனியாக அடையாளம் கண்டது மருத்துவ வரலாற்றில் சமீபத்தில்தான். 1966-இல் ஐசக் மார்க்ஸ், மைக்கேல் கெல்டர் என்ற இரு மருத்துவர்கள் இதை மற்ற அச்சங்களிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வகைப்பாட்டு நூலில் இது இடம்பெற்றது. புது மனிதர்களிடம் கொஞ்சம் தயங்கி, பத்து நிமிடத்தில் கலகலப்பாகிவிடும் பிள்ளையைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. நாலு பேர் பார்க்கும்படி சாப்பிடுவது, கையெழுத்துப் போடுவது, போன் பேசுவது, வகுப்பில் 'பிரசென்ட் சார்' சொல்வதுகூடப் பல நாள் முன்னதாகவே வயிற்றைப் பிசைகிறது. அதற்காகப் படிப்பையோ வேலையையோ உறவையோ விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. மாதக்கணக்கில் இது நீடிக்கிறது என்றால், அது கவனிக்க வேண்டிய நிலை. பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கும். அந்த வயதில் 'பையன் அடக்கமானவன்', 'பொண்ணு வாயே திறக்க மாட்டா, தங்கம்' என்று நாம் பாராட்டிவிட்டுப் போய்விடுகிறோம். அந்தப் பாராட்டுக்குள் ஒரு குழந்தை தனியாகத் தவித்துக்கொண்டிருக்கலாம். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது? 1995-இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் இருவரும் கொடுத்த விளக்கம் இன்றும் சிகிச்சைக்கு அடிப்படையாக இருக்கிறது. பயந்தவரின் கவனம் எதிராளியை விட்டுவிட்டுத் தன் மேலேயே திரும்பிவிடுகிறது. என் கை நடுங்குகிறதா, முகம் சிவந்ததா, குரல் உடைந்ததா என்று உள்ளேயே ஒரு கண்காணிப்பு. உள்ளே படபடப்பதை வைத்து, வெளியே நான் இப்படித்தான் தெரிவேன் என்று ஒரு படத்தை அவரே வரைந்துகொள்கிறார். எதிரே இருப்பவர் முகத்தை அவர் பார்ப்பதே இல்லை. பார்த்தால் அந்தப் படம் பொய் என்று தெரிந்துவிடும்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் செய்த சோதனை ஒன்று 2000-இல் வெளியானது. மாணவர் ஒருவரைப் பாடகர் பாரி மனிலோ படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டவைத்து, மற்ற மாணவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அந்த வயதுப் பிள்ளைகள் போட வெட்கப்படும் சட்டை அது. எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டால், போட்டவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர் என்றார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். இவர்கள் சாதாரண மாணவர்கள். அச்சத்தில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு எவ்வளவு பெருகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது தயாரிப்புக்கு வருகிறேன். என்னிடம் வந்த ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். உதவித்தொகைக்குப் போனஃபைடு சான்றிதழ் வேண்டும். துறைத்தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருக்கிறது. தினமும் அறை வாசல் வரை போய், உள்ளே ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். 'ஏம்மா, என்ன தயார் பண்ணிக்கிட்டுப் போறே?' என்று கேட்டேன். ராத்திரியெல்லாம் தயார் பண்ணுவதாகச் சொன்னாள். அவர் இப்படிக் கேட்பார், நான் இப்படிச் சொல்வேன், அதற்கு அவர் கோபப்படுவார், நான் அழுதுவிடுவேன், அறையில் இருக்கும் மற்ற ஆசிரியர்கள் பார்ப்பார்கள் என்று. இதைத் தயாரிப்பு என்றே அவள் நம்பியிருந்தாள். அது கெட்டது நடக்கும் ஒரே ரீலைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் பயம் தடிக்கிறது. கிளார்க்கும் வெல்ஸும் இந்த முன்யோசனையை இந்த நிலையின் ஒரு பகுதியாகவே சொல்கிறார்கள்.

ரீலை நிறுத்த, தலைக்குள் ஓடுவதைத் தாளில் இறக்கினோம். கால் பக்கம்தான். அந்தத் தாளில் இருந்ததை அப்படியே சொல்கிறேன். முதல் வரி: 'எக்ஸ்கியூஸ் மீ சார், நான் தேர்ட் இயர் கெமிஸ்ட்ரி. போனஃபைடுக்கு உங்க கையெழுத்து வேணும் சார்.' அவ்வளவுதான் மனப்பாடம், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. அடுத்து, சார் போனில் இருந்தால், வாசலிலேயே நிற்பேன், திரும்பிப் போக மாட்டேன். அப்புறம் வா என்றால், 'எத்தனை மணிக்கு வரட்டும் சார்?' என்று கேட்பேன். குரல் நடுங்கினால், நடுங்கட்டும், வாக்கியத்தை முடிப்பேன். கடைசி வரி: அவர் மேசையில் என்ன புத்தகம் இருக்கிறது என்று பார்த்துவந்து சொல்வேன்.

இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. 'இப்படி நடந்தால் நான் இதைச் செய்வேன்' என்ற அமைப்பு ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆண்டு ஆராய்ந்தது. நல்லபடியாகப் பேச வேண்டும் என்ற பொதுவான தீர்மானத்தைவிட, இன்ன நேரத்தில் இன்ன செயல் என்று கட்டி வைத்த திட்டம் செயலாகிற வாய்ப்பு அதிகம் என்பது அவர் முடிவு. பதற்றத்தில் மூளைக்கு யோசிக்க இடம் இல்லை. யோசித்து முடித்ததை எடுத்துக் கொடுத்தால் செய்துவிடும். குரல் நடுங்குவதையும் திட்டத்துக்குள் கொண்டுவந்ததால், அது வரும்போது அதிர்ச்சி இல்லை. மேசையில் உள்ள புத்தகம் எதற்கு என்றால், கண்ணை உள்ளேயிருந்து வெளியே திருப்ப.

போகுமுன் இன்னொன்றையும் எழுதச் சொன்னேன். என்ன நடக்கும் என்று நினைக்கிறாய், நூற்றுக்கு எவ்வளவு நிச்சயம்? 'சார் கத்துவார், 80' என்று எழுதினாள்.

போனாள். அவர் கத்தவில்லை. ஆனால் எங்கள் தாளில் இல்லாதது நடந்தது. 'இதுல சீல் இல்லையேம்மா, ஆபீஸ்ல சீல் வாங்கிட்டு வா' என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு கணம் உறைந்து நின்றிருக்கிறாள். பிறகு, 'ஆபீஸ்ல யாரைப் பார்க்கணும் சார்?' என்று கேட்டிருக்கிறாள். இந்தக் கேள்வியை நாங்கள் எழுதிவைக்கவில்லை. முதல் வாக்கியம் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டதால் இரண்டாவதற்கு வழி திறந்திருந்தது. திரும்பி வந்ததும் எண்பதுக்குப் பக்கத்தில் நடந்ததை எழுதினாள். அந்த இரண்டு வரிகளையும் அருகருகே அவள் பார்த்த பார்வைக்காகவே நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

முழுப் பேச்சையும் எழுதிப் படித்துக்கொண்டு போகக் கூடாதா என்று கேட்பீர்கள். மேடைப் பேச்சானால் எழுதிக்கொள்ளலாம், வீட்டில் வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பார்க்கவும் வேண்டும். உரையாடலுக்கு அது ஆபத்து. வாக்கியங்களை உள்ளே அடுக்கிக்கொண்டே நிற்பவர் எதிராளி சொன்னதைக் கேட்பதில்லை. சம்பந்தமில்லாத பதில் வரும், அவர் முகம் மாறும், 'பார்த்தாயா, நான் நினைத்ததுபோலவே ஆயிற்று' என்று தோன்றும். இப்படிப் பாதுகாப்புக்கு என்று செய்து, அச்சத்தையே வளர்க்கும் காரியங்கள் நிறைய. கை நடுங்குவது தெரியாமல் இருக்க டம்ளரை இறுக்கிப் பிடித்தால் கை இன்னும் நடுங்கும். வியர்வை தெரியாமல் இருக்க மேலே ஒன்றைப் போட்டால் இன்னும் வியர்க்கும். கல்யாண வீட்டுக்குப் போகுமுன் ஒரு கட்டிங் போட்டால் பேச்சு வரும் என்று தொடங்கிய ஆண்கள் எங்கே போய் முடிந்தார்கள் என்பதை இந்த ஊர்க் குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் தயாரிப்பைச் சோதித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: இது என்னை அந்த மனிதரைப் பார்க்க வைக்கிறதா, என்னை ஒளித்துவைக்கிறதா?

கல்யாண வீடு என்றதும் நினைவுக்கு வருகிறது. பலர் கூட்டத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று தாமதமாகப் போகிறார்கள். நிறைந்த மண்டபத்துக்குள் நுழைவதுதான் எல்லாவற்றிலும் கடினம். நான் சீக்கிரம் போகச் சொல்வேன். நாற்காலி போட்டு முடியாத நேரத்தில் போனால், வருகிறவர்கள் ஒவ்வொருவராக உங்களிடம் வருவார்கள். சித்தியிடம் சொல்லி ஒரு வேலையை வாங்கிக்கொள்ளலாம். பந்தியில் தண்ணீர் ஊற்றுவது நல்ல வேலை, ஒவ்வொரு இலை முன்னும் ஒருவரை நிமிர்ந்து பார்த்து 'தண்ணி வைக்கட்டுமா பெரியப்பா' என்று ஒரு வாக்கியம் பேசியாக வேண்டும். சமையற்கட்டுக்குள் போய் நின்றுகொள்வது வேறு, அது ஒளிந்துகொள்வது. குத்தும் கேள்வி எது என்பதும் உங்களுக்குத் தெரியும். வேலை கிடைத்ததா, கல்யாணம் எப்போது, குழந்தை இல்லையா. இதற்கு ஒரே ஒரு பதிலும், அதை ஒட்டியே ஒரு கேள்வியும் வைத்துக்கொள்ளுங்கள். 'தேடிக்கிட்டு இருக்கேன் மாமா. உங்க முட்டிவலி இப்போ எப்படி இருக்கு?' மாமாவுக்குத் தன் முட்டிவலியைப் பற்றிப் பேசப் பிடிக்கும். அதை உண்மையாகக் கேளுங்கள். எத்தனை நேரம் இருப்பது என்பதையும் முன்பே தீர்மானித்துவிட்டுப் போகலாம். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவேன் என்றால் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், பயம் வந்தவுடன் கிளம்பக் கூடாது.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. நெஞ்சு அடித்துக்கொள்வதை நிறுத்த யாராலும் முடியாது. அது அட்ரினலின் வேலை. ஹார்வர்டின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பாடவும் பேசவும் போகிறவர்களில் 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். அமைதியாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. நெஞ்சு துடிக்கும்போது 'அமைதி, அமைதி' என்று அதோடு மல்லுக்கு நிற்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அன்று காலையில் மூன்றாவது காபியையும் தவிர்க்கலாம். காபியும் படபடப்பைக் கூட்டும்.

வந்த பிறகு என்ன செய்வது என்பதையும் போகுமுன்பே முடிவு செய்யுங்கள். ஏனென்றால் ராத்திரி படுத்ததும் ரீல் மறுபடியும் ஓடும், இந்த முறை நடந்து முடிந்ததை வைத்து. 'நான் ஏன் அப்படிச் சொன்னேன்?' எரிகா பூத்பியும் சகாக்களும் 2018-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத இருவர் பேசிப் பிரிந்த பிறகு, எதிராளி தன்னை எந்த அளவு விரும்பினார் என்று மக்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். உண்மையில் எதிராளி அதைவிட அதிகமாக விரும்பியிருக்கிறார். ஆகவே திரும்பி வந்ததும் இரண்டு வரி எழுதுங்கள். நான் பயந்தது என்ன, நடந்தது என்ன. எழுதி முடித்ததும் நோட்டை மூடிவிட்டு, முன்பே திட்டமிட்ட வேறு வேலைக்குப் போய்விடுங்கள்.

இதில் எல்லாச் சுமையையும் பயப்படுகிற பிள்ளையின் தலையில் வைப்பது நியாயமில்லை. எதிர்ப்பக்கத்திலும் தயாரிப்பு வேண்டும். இங்கே ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். 'நீ எழுந்திரு, சொல்லு' என்று திடீரென்று விரல் நீட்டுவதற்குப் பதில், 'நாளைக்கு மூணாவது கேள்வி உன்கிட்ட கேட்பேன்ப்பா' என்று முதல் நாளே சொல்லிவிட்டால் உங்களுக்கு என்ன நட்டம்? அவனுக்குக் கேள்வியிலிருந்து விலக்குக் கொடுக்காதீர்கள், அது அவனுக்குச் செய்யும் உதவி இல்லை. அவகாசம் மட்டும் கொடுங்கள். நேர்முகத் தேர்வு நடத்துகிறவர்கள், எத்தனை பேர் உட்காருவார்கள், எவ்வளவு நேரம் நடக்கும், தமிழில் பேசலாமா என்பதை அழைப்புக் கடிதத்திலேயே போடலாம். பெற்றோரே, விருந்தினர் வந்ததும் 'வந்து பாட்டுப் பாடு' என்று குழந்தையை இழுத்துவராதீர்கள். அவளுக்காக நீங்களே பேசியும் விடாதீர்கள். ஓட்டலில் அவளுக்குத் தோசை சொல்ல வேண்டியது அவள்தான். நேரம் எடுத்தால் எடுக்கட்டும், சர்வர் காத்திருப்பார்.

எல்லோருக்கும் கால் பக்கத் தாள் போதாது. கல்லூரியே நின்றுபோனது, வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை, சாகலாம் என்று தோன்றுகிறது என்றால், தனியாகப் போராடக் கூடாது. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு முதலில் பரிந்துரைப்பது, இந்த நிலைக்கென்றே வகுத்த சிந்தனை-நடத்தை சிகிச்சையைத்தான். மருந்துகளும் உண்டு, அவற்றை மனநல மருத்துவர் முடிவு செய்வார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். போன் பேசவே பயம் உள்ளவரிடம் போன் எண் கொடுப்பது எவ்வளவு கடினமானதைக் கேட்பது என்று எனக்குத் தெரியும். முதல் வாக்கியத்தை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: 'வணக்கம், எனக்கு ஆட்கள்கிட்ட பேசவே பயமா இருக்கு, அதைப் பத்திப் பேசணும்.' அல்லது வீட்டில் ஒருவர் எண்ணைப் போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் உட்காரட்டும். பேசுவது நீங்களாக இருங்கள்.

அடுத்த அரை மணி நேரம் கேள்விகளுக்கு. நாற்காலி ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைத் துண்டுச்சீட்டும் பென்சிலும் வைத்திருக்கிறோம். கேள்வியை எழுதி அனுப்பினால் பெயர் சொல்லாமல் நான் படிக்கிறேன். எழுதிவைத்துக்கொண்டு, எழுந்து நின்று, தாளைப் பார்த்தே நீங்கள் படித்தாலும் சரி. எழுதிக்கொள்ள ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.